நிப்பாட்டிய போன் ரவருடன் பேசுமா? வீட்டிலேயே பார்க்கலாம்

மாங்குளத்தில் இருக்கும் என் மாமி, இரவில் போனை நிப்பாட்டினால் பற்றரியையும் கழற்றி வைப்பார். புதுப் போன் வாங்கிக் கொடுத்ததும் அவர் முதலில் கேட்டது, "தம்பி, இதன்ர பற்றரியை எப்படிக் கழற்றுறது?" கழற்ற முடியாது. ஆனால் நிப்பாட்டிய போனும் ரவருடன் (சிக்னல் கோபுரத்துடன்) பேசிக்கொண்டிருக்கும் என்ற அவருடைய பயத்தைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அவருக்குச் செய்து காட்டியதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: சரியாக நிப்பாட்டுங்கள்

பக்கத்துப் பொத்தானைத் தட்டினால் திரைதான் இருளும். ரவருடன் தொடர்பு அப்படியே இருக்கும். பல போன்களில் அந்தப் பொத்தானை ஒலி கூட்டும் பொத்தானுடன் சேர்த்து அழுத்திப் பிடித்தால் 'பவர் ஓஃப்' வரும். முறையாக நிப்பாட்டும்போது போன், தான் விலகுவதை ரவருக்கு அறிவித்துவிட்டே அணையும். பற்றரியைத் திடீரென்று பிடுங்கினால் அந்த அறிவிப்புப் போகாது. மாமி இவ்வளவு நாளும் தேவையில்லாத வேலைதான் செய்திருக்கிறார்.

படி 2: காதால் கேளுங்கள்

2ஜி பட்டன் போன் ஒன்றை றேடியோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். தூரத்திலிருந்து இன்னொரு போனால் அதற்கு அழைப்பு எடுங்கள். பெரும்பாலும் மணி அடிக்க முன்னமே றேடியோ "டக டக டிர்ர்" என்று இரையும். போனின் அலை நொடிக்கு சுமார் 217 தரம் விட்டுவிட்டு அடிப்பதால் வரும் சத்தம் அது. பிறகு போனை நிப்பாட்டிவிட்டுத் திரும்ப அழையுங்கள். இரைச்சல் இராது. மாமி மூன்று தரம் செய்யச் சொல்லிக் கேட்டார்.

படி 3: ஐபோன் என்றால் இதையும் பாருங்கள்

2021இல் வந்த ஐஓஎஸ் 15 என்ற ஐபோன் மென்பொருள் முதல், ஐபோன் 11உம் அதற்குப் பிந்திய பெரும்பாலான ஐபோன்களும் நிப்பாட்டிய பிறகும் மெல்லிய புளூடூத் அலை விடும். கூகுள் பிக்சல் 8இலும் இப்படி உண்டு. அந்த அலை ரவர் வரை போகாது. அருகில் போகும் வேறு போன்கள் அதைப் பிடித்து, இருக்கும் இடத்தை இணையம் வழியே உரிமையாளருக்கு அனுப்பும். ஆளில்லாத வயல்வரம்பில் அது யாருக்கும் கேட்காது.

வேண்டாம் என்றால், ஐபோனை நிப்பாட்டும் திரையில் 'பவர் ஓஃப்' பட்டிக்குக் கீழே இருக்கும் சிறிய வரியைத் தட்டித் தற்காலிகமாக நிறுத்தலாம். திரும்பப் போட்டதும் அது பழையபடி வேலை செய்யும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் சனத்துக்குள் போகிற நாளில் மட்டும் அதைத் தொடாதீர்கள். போன் விழுந்தால், அங்கே சுற்றியிருக்கும் போன்கள்தான் அதைக் கண்டுபிடித்துத் தரும்.