யூதரைப் பார்த்திராத ஊரில் யூதரைப் பற்றிக் கேட்பது எப்படி

என் தங்கச்சி மகள் இங்கே மலேசியாவில், ஈப்போவில் கல்லூரியில் படிக்கிறாள். போன பருவத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். சொந்த ஊரில் இருபது பேரைப் பார்த்து, யூதர்களையும் மற்றச் சிறுபான்மையினரையும் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். "பெரியம்மா, நீங்கதான் உதவணும்" என்று வந்து நின்றாள். ஏன் என்னிடம் வந்தாள் என்றால், 2000, 2010 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் காலியானபோது டவுனுக்கு வந்தேன். இடையில் சோப்பு, பால்மாவு, டீவி என்று கம்பெனிகளுக்காகவும் கேள்வித்தாள் தூக்கியிருக்கிறேன். கதவைத் தட்டிப் பதில் வாங்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

அவள் தாளில் முதல் கேள்வி: "யூதர்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" அதைக் கிழித்துப் போடு என்றேன்.

இப்படிக் கேட்டால் வருவது கருத்து கிடையாது. டீவியில் கேட்டது, வாட்சாப்பில் வந்தது, பக்கத்தில் நிற்கிறவர் காதுக்கு நன்றாக இருப்பது, இவைதான் வரும். நம் ஊரில் யாருக்கும் யூதரைத் தெரியாது. ஆனால் யூதருக்கு மலாயில் சொல்லும் 'யஹூதி' என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். கடன் திருப்பிக் கொடுக்காதவனையும் யஹூதி என்பார்கள், விலை குறைக்காத கடைக்காரனையும் யஹூதி என்பார்கள். ஆளே இல்லாமல் பேர் மட்டும் ஊருக்குள் நடமாடுகிறது. கேள்வி போடும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். மலேசியாவில் யூதர்கள் இருந்திருக்கிறார்கள். பினாங்கில் பாக்தாத் பக்கமிருந்து வந்த யூத வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்தது நாகூர் ரோட்டில். ஆமாம், நம் நாகூர்தான். 1929இல் திறந்து 1976இல் மூடினார்கள். அவர்கள் முறைப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்களாவது வேண்டும், அந்தப் பத்துப் பேர் தேறவில்லை. கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அது இருக்கும் தெருவுக்கு முன்பு ஜாலான் யஹூதி என்று பெயர், இப்போது ஜாலான் சைனல் அபிடின். தங்கச்சி மகளை இழுத்துக்கொண்டு ரயிலேறி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்துப் போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தோம். நீளப் பெட்டிமேல் கூரை வைத்தாற்போல முக்கோண மூடி போட்ட கல்லறைகள், புல், ஒரு பூனை. நூறுக்கு மேல் கல்லறைகள், பழையது 1835ஆம் ஆண்டுடையது. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பெரியம்மா, நம்ம தோட்டத்துச் சுடுகாடு மாதிரியே இருக்கு, யாரும் வரதில்ல" என்றாள். கேள்வித்தாளை அன்றைக்கு ராத்திரிதான் ஒழுங்காக எழுத உட்கார்ந்தோம்.

அடுத்து, ஏற்கெனவே கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். 2014இல் ஆன்டி டிஃபமேஷன் லீக் என்ற அமெரிக்க யூத அமைப்பு நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் கருத்துக்கணிப்பு வெளியிட்டது. யூதர்களைப் பற்றிய பதினோரு வாக்கியங்களைப் படித்துக் காட்டி, உண்மையாக இருக்குமா என்று கேட்டார்கள். ஆறுக்கோ அதற்கு மேலோ ஆமாம் சொன்னவரைத் துவேஷம் உள்ளவர் என்று கணக்கில் வைத்தார்கள். உலகம் முழுக்கச் சேர்த்து 26 சதவீதம், மலேசியாவில் 61 சதவீதம். எண்ணை விடுங்கள், வாக்கியங்களைப் பாருங்கள். யூதர்களுக்கு வியாபார உலகத்தில் அதிகாரம் கூடுதல் என்று ஒன்று. தாங்கள் வாழும் நாட்டைவிட இஸ்ரேலுக்குத்தான் விசுவாசம் என்று இன்னொன்று.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வாக்கியத்தில் யூதரை எடுத்துவிட்டுச் சீனரைப் போடுங்கள். இரண்டாவதில் நம்மைப் போட்டு, இஸ்ரேல் இருக்குமிடத்தில் இந்தியா என்று எழுதுங்கள். கொப்பிக் கடையில் நாற்பது வருடமாகக் கேட்கிற பேச்சுதானே?

அதனால் நாங்கள் செய்தது இது. ஒரே வாக்கியத்தை மூன்று தாளில் எழுதினோம். ஒன்றில் யூதர், ஒன்றில் சீனர், ஒன்றில் இந்தியர். ஒருவருக்கு ஒரு தாள் மட்டும்தான். மூன்றையும் ஒரே ஆளிடம் காட்டினால் உஷாராகிவிடுவார். தாள்களைக் கலைத்து, கைக்கு வந்ததைக் கொடுக்க வேண்டும். ஆளைப் பார்த்துத் தாளைப் பொறுக்கினால் மொத்தமும் வீண். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், மேற்பார்வைக்காரர் தே தாரிக் குடித்துக்கொண்டே பாதித் தாளைத் தானே நிரப்பச் சொல்வார். அப்படியும் நாட்டில் நடக்கிறது.

இஸ்ரேல் அரசையும் யூதரையும் தனித்தனியாகக் கேளுங்கள், அதுவும் தள்ளித் தள்ளி. காஸாவைப் பற்றிய கோபம் இங்கே நிஜமானது. கடப்பிதழிலேயே இஸ்ரேலைத் தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும் என்றுதான் அச்சடித்திருக்கிறது. 2019இல் கூச்சிங்கில் நடக்க வேண்டிய மாற்றுத்திறனாளிகள் உலக நீச்சல் போட்டி, இஸ்ரேலியரை உள்ளே விட மாட்டோம் என்றதால் நம் கையைவிட்டு லண்டனுக்குப் போனது. குண்டு போடும் அரசின்மேல் வரும் கோபம் ஒன்று. 'அந்த ரத்தமே அப்படி' என்பது வேறொன்று. பேச்சில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும், தாளில் பிரித்து எழுதுவது கேட்கிறவர் பொறுப்பு. பழசும் சேர்ந்திருக்கும். 1997இல் நம் நாணயம் ரிங்கிட் விழுந்தபோது, அப்போதைய பிரதமர் மகாதீர், யூதரான அமெரிக்க முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸைக் கைகாட்டினார். 2003 அக்டோபரில் புத்ராஜெயாவில் இஸ்லாமிய நாடுகள் மாநாட்டில், யூதர்கள் மற்றவர்களை வைத்து உலகை ஆள்கிறார்கள் என்று பேசினார். நாட்டின் பிரதமரே சொன்னதை ஊரில் ஒருவர் திருப்பிச் சொன்னால், அது அவர் சொந்தமாக யோசித்ததா, காதில் விழுந்ததா? "இதை எங்கே கேட்டீங்க?" என்று ஒரு கேள்வி எப்போதும் கையில் இருக்கட்டும். அதற்கு வரும் பதில்தான் பல நேரம் முதல் பதிலைவிட உருப்படியாக இருக்கும்.

'நினைக்கிறீர்களா' என்று கேட்காமல் 'செய்வீர்களா' என்று கேளுங்கள். பொகார்டஸ் என்ற அமெரிக்கர் 1925இலேயே இப்படி ஒரு படிக்கட்டு போட்டுவிட்டார். இந்த இனத்துக்காரர் உன் நாட்டுக்கு வரலாமா, உன் தெருவில் இருக்கலாமா, உன் நண்பராகலாமா, உன் வீட்டில் சம்பந்தம் பண்ணலாமா என்று படிப்படியாகப் போகும். எங்கள் ஊருக்கு அதைக் கொஞ்சம் வெட்டித் தைத்தோம். அவரிடம் பலகாரம் விற்பீர்களா? வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கொடுப்பீர்களா? கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்களா? கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுவீர்களா? கடைசிக் கேள்வியில் ஒரு சிக்கல், முஸ்லிம்களுக்கு அது ஹலால் விஷயம். அதை வெறுப்பு என்று எழுதிவிடக் கூடாது. "சாப்பாடு வெளியிலிருந்து ஹலால் கேட்டரிங் என்றால்?" என்று சேர்த்துக்கொண்டோம்.

யார் கேட்பது என்பதும் முக்கியம். பொட்டு வைத்துக்கொண்டு நான் போய், "இந்தியர்களைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்றால் எந்த மலாய்க்காரர் மனதில் உள்ளதைச் சொல்வார்? "பாய்க், பாய்க்", நல்லவர்கள் என்று சிரித்து அனுப்பிவிடுவார், மரியாதைப்பட்டவர்கள். அதனால் மலாய் வீடுகளில் இந்தியரைப் பற்றிய தாளை அவளுடைய மலாய்த் தோழி கொண்டுபோனாள். சீனர்களை வீட்டில் போய்க் கேட்டுப் பயனில்லை. கடையில் போய் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், ஏதாவது வாங்கிக்கொண்டே பேச்சைத் தொடங்கினால்தான் வாய் திறப்பார்கள்.

நான் கேட்டதில் மறக்க முடியாதவர் பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, பொரிக்கும் மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். என் கைக்கு வந்தது யூதர் தாள். கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமலே, "யஹூதி ஜாஹாட்" என்றார், கெட்டவர்கள். எங்கே பார்த்தீர்கள்? டீவியில். ஒரு யூதர் வந்து பழம் கேட்டால் விற்பீர்களா? கொஞ்சம் யோசித்தார். விற்பேன், ஆனால் காஸாவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் விற்பேன் என்றார். வீட்டில் அறை? மாட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் அவர் திருப்பிக் கேட்டார்: "நீ உன் அறையை ரோஹிங்கியா அகதிக்குக் கொடுப்பியா?"

நான் பதில் சொல்லாமல் இரண்டு ரிங்கிட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், நம் ஆட்களிடமும் கேட்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பங்களாதேசத் தொழிலாளிகளைப் பற்றிக் கேட்டபோது வந்த சொற்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. அழுக்கு, குடி, பொம்பளைப் பிள்ளையைப் பார்க்கிறான், ஒரு வீட்டில் பத்துப் பேர். லயத்தில் இருந்த எங்களைப் பற்றி டவுன்காரர்கள் பேசியது அச்சு அசலாக இதுதான். பக்கத்து லாசாவிலிருந்து சாமான் வாங்க வருகிற தெமியார் பழங்குடி மக்களை நம் ஆட்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நம்மை யாராவது இழிவாகக் கெலிங் என்றால் மட்டும் நமக்குச் சுருக்கென்று குத்தும்.

யூதரைப் பற்றித் தமிழர் சொல்வது இரண்டு வகை. ஒரு கூட்டம் மலாய்க்காரர் சொல்வதை அப்படியே சொல்லும். இன்னொரு கூட்டம், "அவனுங்களுக்கு ஆகாதவன்னா நமக்கு வேண்டியவன்" என்று இஸ்ரேலைத் தூக்கி வைத்து ஆடும். இரண்டிலும் யூதர் இல்லை. 2009இல் ஷா ஆலாமில் இந்துக் கோயில் தங்கள் பகுதிக்கு மாறி வருவதை எதிர்த்துச் சில மலாய்க்காரர்கள் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனார்களே, அந்தக் காயம்தான் இரண்டாவது வகைக்குள் பேசுகிறது. அப்படிச் சொல்பவரிடம் வாதாட வேண்டாம், காயத்தைப் பற்றிக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

ஹிட்லர் பெயர் கட்டாயம் வரும். எங்கள் பள்ளியில் கண்டிப்பான வாத்தியாருக்குப் பட்டப்பெயரே அதுதான், யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஒரு பெரியவர், "ஹிட்லர் செஞ்சது சரிதான்" என்றார். பேட்டி எடுப்பவர் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. தாளை மூடி, பேனாவைப் பையில் போட்ட பிறகு பேசலாம், நான் பேசினேன். உங்கள் அப்பாவை ஜப்பான்காரன் சயாம் மரண ரயில்பாதை போடக் கொண்டுபோன அதே வருடங்கள்தான் தாத்தா அது, என்றேன். 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள், ஏற்றிப் போனதும் ரயிலில்தான். அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அப்பா திரும்பி வராத கதையை அரை மணி நேரம் சொன்னார்.

எச்சரிக்கைகள் கொஞ்சம். மலாய் வீடுகளுக்குப் பிற்பகல் அசர் தொழுகைக்கும் அந்திநேர மக்ரிப் தொழுகைக்கும் நடுவில் போங்கள், வெள்ளி மத்தியானமும் நோன்பு மாதச் சாயங்காலமும் வேண்டாம். மதத் துண்டுப்பிரசுரம், படம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. அரசமைப்பின் 11ஆவது விதி மதச் சுதந்திரம் தருகிறது, அதன் 4ஆம் உட்பிரிவு முஸ்லிம்களிடையே வேறு மதம் பரப்புவதைச் சட்டம் போட்டுத் தடுக்கவும் இடம் தருகிறது. கேள்வி கேட்க வந்தவள் மதம் மாற்ற வந்தவளாகத் தெரிந்துவிட்டால் கதை வேறு. கல்லூரிக் கடிதத்தை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் போனில் பதிவு செய்யாதீர்கள், ஒருத்தர் சொன்னதைப் பேரோடு எங்கேயும் போடாதீர்கள். இனம், மதம் என்று வந்தால் போலீஸ் புகார் வெகுதூரத்தில் இல்லை.

எழுதும்போது இருபது பேரை வைத்துக்கொண்டு சதவீதம் போடாதீர்கள். 2020 கணக்கெடுப்பில் முஸ்லிம் 63.5, பௌத்தர் 18.7, கிறிஸ்தவர் 9.1, இந்து 6.1 சதவீதம் என்று எழுதலாம், அது நாடு முழுக்க எண்ணியது. உங்களுடையது இருபதே பேர், அதுவும் பெரியம்மாவுக்குத் தெரிந்தவர்கள். "யூதர் தாள் வாங்கிய ஏழு பேரில் ஐந்து பேர் விற்பேன் என்றார்கள், ஒருவர்கூட அறை கொடுக்கவில்லை" என்று எண்ணிக்கையாகவே எழுதச் சொன்னேன். எழுதினாள். மாக்சிக்கின் கேள்வியையும் சேர்க்கவா என்று கேட்டாள். சேர், என் பதில் என்ற இடத்தில் 'பதில் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடு என்றேன்.