கொசுமீன் வரைபடத்தில் சறுக்கும் இடங்கள்

கம்பூசியா என்கிற கொசுமீன் பெரிய மீன் இல்லை. பெண் சுண்டுவிரல் நீளம் இருக்கும், ஆண் அதைவிடச் சின்னது. ஆனால் அது பரவியிருக்கும் இடங்களின் வரைபடத்தை விரித்தால், அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் புள்ளி தெரியும். சரி, எங்கே விட்டாலும் பிழைக்கிற மீன் போலிருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு இதுதான்.

அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை மீன் தானாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் அல்ல. கொசுவை ஒழிக்க மனிதர்கள் கொண்டுபோய் விட்டவை. 1905-ல் டெக்சாஸிலிருந்து ஹவாய்க்குப் போனது. 1921-ல் ஸ்பெயின், மறு வருடம் இத்தாலி, 1925-ல் ஆஸ்திரேலியா. இந்தியாவுக்கு வந்தது 1928-ல், அதுவும் இத்தாலி வழியாக. ஆகவே ஒரு குளத்தில் கொசுமீன் இல்லையென்றால், அந்தத் தண்ணீர் அதற்கு ஒத்துவராது என்று பொருளில்லை. யாரும் இன்னும் கொண்டுவந்து விடாமல் இருந்திருக்கலாம். சினையுற்ற ஒரே ஒரு பெண் மீன் போதும், புதுக் கூட்டம் ஆரம்பித்துவிடும். இது முட்டையிடாது, குட்டி போடும்.

அடுத்தது, ‘அமெரிக்க மீன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுவது. அமெரிக்காவிலேயே இதன் பூர்வீகம் கிழக்கும் தெற்கும்தான். கலிஃபோர்னியாவுக்கு 1922-ல்தான் கொண்டுபோனார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே அது வந்தேறி.

அப்புறம், கொசுமீன் என்பது ஒரே மீன் இல்லை. மிசிசிப்பி படுகையிலிருந்து மெக்சிகோவின் வடகிழக்கு வரை உள்ளது ‘அஃபினிஸ்’. அட்லான்டிக் கரையோர ஆறுகளிலும் ஃபுளோரிடாவிலும் உள்ளது ‘ஹோல்புரூக்கி’. 1980-களின் இறுதிவரை இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகளாகத்தான் வைத்திருந்தார்கள். அதனால் பழைய பதிவில் ‘அஃபினிஸ்’ என்று பார்த்தால் அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இருப்பது ஹோல்புரூக்கி. பழைய குறிப்புகள் பலவற்றில் அது அஃபினிஸ் என்றே இருக்கும். முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணினால் அஃபினிஸுக்குப் பெரும்பாலும் ஆறு, ஹோல்புரூக்கிக்கு ஏழு. ஆனால் பொடி மீனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுவது லேசான வேலை இல்லை. தொட்டிகளில் வளர்க்கும் கப்பி என்கிற வண்ண மீனோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. கப்பியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வடகிழக்கு, ஆண் மீன் பலவண்ணத்தில் இருக்கும். கொசுமீனோ சாம்பல் நிறம்.

வாழிடத்தைப் பற்றி எழுதும்போதுதான் அதிகம் கோட்டைவிடுகிறோம். தாங்கிக்கொள்வது வேறு, விரும்புவது வேறு. 40 டிகிரியைத் தொடும் சூட்டையும், ஆக்சிஜன் குறைந்த நீரையும், உப்புத் தண்ணீரையும் அது தாங்கும். அதை வைத்து ‘சாக்கடை மீன்’ என்று முத்திரை குத்துவது சரியல்ல. ஒரு குட்டையின் ஓரத்தில் அசையாமல் நின்று பாருங்கள்: முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில், செடிகளுக்கு நடுவே, நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும். வாய் மேல்நோக்கித் திறப்பதால் மேலே மிதக்கிற இரை அதற்குச் சௌகரியம். ஆழமும் வேகமான ஓட்டமும் அதற்கு ஆகாது. ஆற்றின் நடுவில் வலை வீசிவிட்டு ‘இங்கே இல்லை’ என்று குறித்துக்கொள்வது, தேடாத இடத்தில் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

கடைசியாக, வறண்ட நிலத்தை வேலியாக நினைப்பது. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் செந்துடுப்பு நீலக்கண் என்றொரு மீன் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அந்த ஊற்றுகள் சில சென்டிமீட்டர் ஆழம்தான். ஊற்றுக்கும் ஊற்றுக்கும் இடையே வெறும் தரை. நல்ல மழை பெய்த வருடங்களில் அந்தத் தரைமேல் மெல்லிய படலமாகத் தண்ணீர் பரவ, கொசுமீன் அதிலேயே நீந்தி அடுத்த ஊற்றுக்குப் போய்விட்டது. கொசுமீன் நுழைந்த ஊற்றுகளில் நீலக்கண் ஒவ்வொன்றாக மறைந்தது. வரைபடத்தில் அந்த ஊற்றுகளுக்கு நடுவே இன்றும் வறண்ட நிலம்தான்.