பழைய போனோகிராபின் மதிப்பைக் கண்டறிவது எப்படி

பரணிலிருந்து பழைய பாட்டுப்பெட்டி ஒன்றை இறக்கியதும் பலர் முதலில் செய்வது, துணியும் பாலிஷும் எடுத்து அதைத் தேய்ப்பதுதான். அதன் மதிப்பை அறிய விரும்புகிறவர் முதலில் தவிர்க்க வேண்டியதும் அதுவே. நூறாண்டு கடந்த ஒரு கருவியின் விலையைத் தீர்மானிப்பதில் வயதைவிட, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அது எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கே எடை அதிகம். மரத்தின் பழைய வார்னிஷ், பெட்டியின் முகப்பில் பொன்னிறத்தில் ஒட்டிய எடிசன் பெயர், உலோகப் பாகங்களின் நிக்கல் பூச்சு ஆகியவை ஒருமுறை அழிந்துபோனால் மறுபடி பூசலாமே தவிர, பழையதை மீட்க முடியாது. காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கருவியை அடையாளம் காண்பது. அது ஒலி பதித்த உருளையை இசைப்பதா, தட்டை இசைப்பதா என்று பார்க்க வேண்டும். எடிசன் 1877இல் உருவாக்கிய போனோகிராப் உருளை வழியில் வளர்ந்தது. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரிய கிராமபோன் தட்டு வழியில் வளர்ந்தது. கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி 1908இல் இசைத்தட்டு ஆலை நிறுவிய நம் நாட்டில், வீடுகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தட்டுக் கருவிகளே. உருளைக் கருவி கைக்குக் கிடைத்தால் பொறுமையாக ஆராய்வது பயன் தரும்.

எடிசன் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் உலோகத் தளத்தில் சிறிய தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதில் வரிசை எண்ணும் காப்புரிமைத் தேதிகளும் இருக்கும். பிற்காலத் தகடுகளில் மாதிரியைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருக்கும். தேதிகளைப் படிக்கும்போது பலர் இடறுகிறார்கள். முதலில் உள்ள பழைய தேதியைப் பார்த்துக் கருவியும் அந்த ஆண்டினது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியலில் எது கடைசித் தேதியோ, கருவி அதற்குப் பின்னர்தான் செய்யப்பட்டது என்பது மட்டுமே அதிலிருந்து உறுதியாகும். தகட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஆணிகள் கழற்றி மாட்டப்பட்டதுபோல் கீறலோடு இருந்தால் அதையும் குறித்துவையுங்கள்.

எந்த மாதிரி என்பது தெரிந்தால் விலையின் பாதிக் கதை தெரிந்துவிடும். 1898இல் இருபது டாலருக்கு விற்பனைக்கு வந்த எடிசன் ஸ்டாண்டர்டு மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்றது. இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால், எவ்வளவு அழகாக இருந்தாலும் பெரும்பாலும் சில நூறு டாலர் அளவிலேயே நிற்கிறது. 1911இல் தொண்ணூறு டாலர் விலையில் வந்த ஓப்பரா மாதிரி குறைவாகவே விற்றது. மகோகனி மரப் பெட்டியும், ஒலியைப் பெருக்கி வெளியே விடும் மரக் குழலும் கொண்ட அதற்குச் சேகரிப்பாளர்கள் பல ஆயிரம் டாலர் தருகிறார்கள். இவ்விரண்டில் பின்னால் வந்ததே விலை மிகுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பழையது என்பதாலேயே அரியதாகிவிடாது. மறுபக்கம், ஈயத்தாள் போல் மெல்லிய தகரத்தாளில் ஒலி பதித்த ஆரம்பக் கால எடிசன் கருவி என்று யாரேனும் காட்டினால், பிற்காலத்தில் செய்த நகல்கள் பல உலவுவதால், நிபுணர் ஒருவர் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்.

பிறகு பாகங்கள் ஒன்றுக்கொன்று உரியவைதானா என்று பார்க்க வேண்டும். 1908 வரை எடிசன் உருளை இரண்டு நிமிடம் ஓடியது. அங்குலத்துக்கு நூறு வரிப்பள்ளங்கள். அந்த ஆண்டில் அறிமுகமான அம்பரால் உருளையில் இருநூறு பள்ளங்கள். ஓடும் நேரம் நான்கு நிமிடம். ஒலியை எழுப்பும் ரிப்ரொடியூசர் என்ற வட்டப் பாகத்திலும் இதற்கேற்ப வகைகள் உண்டு. சி என்ற எழுத்துள்ளது இரண்டு நிமிடத்துக்கும், எச் நான்கு நிமிடத்துக்கும், கே இவ்விரு வகைக்கும் உரியவை. இரண்டு நிமிடக் கருவியில் எச் மாட்டியிருந்தால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சரியான ரிப்ரொடியூசர் இல்லாத கருவியின் விலை கணிசமாக இறங்கும். அதே சமயம், தனியே கிடைக்கும் ரிப்ரொடியூசருக்கே நல்ல விலை உண்டு என்பதால், உடைந்த பெட்டியோடு கிடந்தாலும் அதை எறிந்துவிடாதீர்கள்.

குழல் இன்னும் முக்கியமானது. அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து மேலெழும் குழலும், அசலான மரக் குழலும் விலையைப் பெரிதும் உயர்த்தும். இன்று புதிதாகச் செய்த குழல்களும் தாராளமாக விற்கப்படுகின்றன. பூச்சு ஒரே சீராக இருக்கிறதா, கை படும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா, இணைப்பில் பற்றவைப்பு பழையதா என்று உட்புறத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் ஊர்ப் பழம்பொருள் சந்தைகளில் காணப்படும் பளபளக்கும் பித்தளைக் குழல் கிராமபோன்களைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய சூட்கேஸ் வகைக் கருவிகளின் மோட்டாரையும், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸையும் எடுத்து, புதிய மரப்பெட்டியில் பொருத்தி, புதுக் குழல் மாட்டி, நாய் படமும் ஒட்டி விற்பவை அவற்றில் மிகப் பல. குழலையும் சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கையையும் இணைக்கும் வளைவுக் குழாய் அளவுக்கு மீறித் தடித்திருக்கும். பெட்டி பெரும்பாலும் ஆறு அல்லது எட்டுப் பட்டைகளோடு இருக்கும். மரத்தின் உட்புறம் புதிதாக இருக்கும். வரவேற்பறை அலங்காரத்துக்கு அது போதும். நூறாண்டுப் பொருள் என்று நம்பிப் பணம் கொடுப்பவருக்கு அது பெரிய இழப்பு. வீட்டில் இருக்கும் சூட்கேஸ் வகைக் கருவியை இப்படிப் பிரித்து விற்பவரிடம் தர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மோட்டாரைச் சோதிக்கச் சாவியை மெதுவாகச் சில சுற்று மட்டும் கொடுங்கள். உள்ளே ‘தட், தட்’ என்று அதிர்ந்தால், கிரீஸ் இறுகி ஸ்பிரிங் ஒட்டியிருக்கக்கூடும். இது பழுதுபார்க்கக்கூடிய குறை என்பதால் விலையைப் பெரிதாகக் கெடுக்காது. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் உப்பி வெடித்திருந்தால் அது வேறு கதை. அவற்றைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கருவியோடு வந்த உருளைகளை ஓட்டிப் பார்க்க அவசரப்படாதீர்கள். மெழுகு உருளையை உள்ளே இரு விரல்களை விரித்தே தூக்க வேண்டும். வெண்புள்ளிகள் பூஞ்சையின் அடையாளம். நீலநிற அம்பரால் உருளையின் உட்புறச் சுண்ணம் ஈரத்தில் உப்பியிருக்கக்கூடும். அதை வலிந்து கருவியில் செருகினால் விரிசல் விடும்.

இவ்வளவும் குறித்த பிறகே விலைக்கு வர வேண்டும். இணையத்தில் கேட்கிற விலை வேறு, போகிற விலை வேறு. விற்று முடிந்தவற்றின் பட்டியலை மட்டும் பாருங்கள். ஜெர்மனியின் கொலோனில் உள்ள ஆக்ஷன் டீம் பிரேக்கர் போன்று இத்துறைக்கென்றே ஏலம் நடத்துவோரின் முடிவுகள் நம்பத் தகுந்தவை; ஆனால், அவற்றில் வாங்குபவர் தரும் ஏலக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே மாதிரி, அதே குழல், அதே நிலை என்று ஒத்திருக்கும் சில விற்பனைகளை ஒப்பிட்டால்தான் ஒரு வரம்பு தெரியும். ஒரே ஒரு பெரிய விலையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. 1919 முதல் இயங்கிவரும் லண்டன் நகரப் போனோகிராப், கிராமபோன் சங்கம் போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள் நல்ல படங்களைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார்கள்.

மதிப்பு எதற்காகத் தேவை என்பதையும் சொல்லிக் கேளுங்கள். காப்பீட்டுக்கு எழுதும் தொகை, இன்னொன்றை வாங்க ஆகும் செலவைக் கணக்கில் கொள்ளும். வியாபாரி தரும் தொகை, அவர் மறுவிற்பனைச் செலவையும் லாபத்தையும் கழித்த பிறகு வருவது. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருப்பது இயல்பு. உங்கள் கருவியை வாங்க விரும்புகிறவரிடமே மதிப்பீடு கேட்பதைத் தவிர்ப்பது நல்லது.

வெளிநாட்டு விலையைக் கண்டு அங்கே அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கடந்த காலத்தின் அறிவியலையோ கலையையோ விளக்கும், நூறாண்டுக்குக் குறையாத பொருளையும் தொல்பொருள் என்று வரையறுக்கிறது; தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. எனவே, வாங்குபவரோடு விலை பேசி முடிக்கும் முன்பே இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கருவியின் படங்களையும் தகட்டு விவரத்தையும் காட்டி, அதைத் தொல்பொருள் அல்ல என்று சான்றளிக்க இயலுமா என்று எழுத்துமூலம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.