மில் சங்கும் உடம்புக் கடிகாரமும்: சம்பளத்தைக் குறைக்கும் தவறுகள்

"நேரமே எந்திரி சாமி, அப்பத்தான் நாலு காசு சேரும்" என்று அம்மாயி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் கொங்கு நாட்டில் பலரும். பால் கறக்கவும், வெயில் ஏறுமுன் காட்டுக்குத் தண்ணீர் கட்டவும் அது சரியான பேச்சு. அதையே பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் கொண்டுவந்து, காலையில் கண் சொக்குகிறவனைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு.

தூக்கம் வரும் நேரமும் தெளியும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். அது ஓரளவு பிறவியிலேயே வருவது. இதை நடத்தும் உடம்புக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று காட்டிய ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. வயதும் இதில் சேர்ந்துகொள்ளும். 20 வயதை ஒட்டித் தூக்கம் மிகவும் பிந்தும், பிறகு வருடம் ஏற ஏற முந்தும். 19 வயது டெய்லர் தம்பிக்கும் 50 வயது செக்கிங் அக்காவுக்கும் காலை எட்டரை ஒரே எட்டரை அல்ல.

திருப்பூரில் ஒரு லைனில் மணிக்கு மணி புரொடக்ஷன் எழுதும் வேலையில் இருந்தேன். ஓவர்லாக் தையல் மிஷினில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது பீஸ் கணக்கில் கூலிக்கு, தைத்த ஒரு தம்பிக்கு என் தாளில் காலை முதல் இரண்டு மணி நேரக் கட்டத்திலும் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். தோள் தையல் விலகிப்போய், டிரிம்மரால் நூலைப் பிரித்துப் பிரித்து உட்கார்ந்திருப்பான். மாலை டீ குடித்து வந்தால் அதே கை, அதே மிஷின், பண்டல் பண்டலாகத் தள்ளும். சூப்பர்வைசர் பார்த்தது காலைக் கணக்கை மட்டும். அந்தத் தாளில் மாலைக் கட்டத்தையும் அவருக்குக் காட்டாமல் விட்டது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

அவன் செய்த தவறும் ஒன்று உண்டு. மாலையில் சூடு பிடிக்கிறதே என்று தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், பார்த்தான். ரூமுக்குப் போய்ச் சமைத்து, போன் பார்த்து, படுக்க ஒரு மணி. ஞாயிறு மதியம் வரை தூங்கி அதை ஈடுகட்டுவான். ஆனால் அப்படிப் பிந்தி எழுவது கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடும். திங்கள் காலைக் கணக்கு வாரத்திலேயே மோசமாக இருக்கும்.

இங்கே கூலிக் கணக்கையும் பார்க்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒன்றரை ஷிப்ட் சம்பளம் என்றால், கூடுதல் 4 மணி நேரத்துக்குக் கிடைப்பது சாதாரணக் கூலிதான். 1948 தொழிற்சாலைச் சட்டம் முதலே, வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. பீஸ் ரேட் ஆட்களுக்கும் அப்படியே. ஆறு நாளும் ஒன்றரை பார்த்தால், நாளுக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும். தூக்கத்தையும் கொடுத்துவிட்டு, நாளுக்கு அரை ஷிப்ட் கூலியையும் விட்டுவிடுகிறோம்.

"நான் ராத்திரி ஆள், எனக்கு முழு நைட் ஒத்துவரும்" என்று மில்லில் பேட்டாவுக்காக (நைட் ஷிப்ட்டுக்குத் தரும் கூடுதல் படி) எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. விடியற்காலை மூன்று, நான்கு மணி வாக்கில் ராத்திரி ஆட்களுக்கும் உடம்பு துவளும், கை தப்பும். பிந்தித் தூங்குகிறவருக்குப் பொருந்துவது பெரும்பாலும் அரை நைட், அதாவது மாலையில் தொடங்கி நள்ளிரவு வாக்கில் முடியும் ஷிப்ட். வாரம் மாற்றுவதானால் பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையே உடம்புக்கு எளிது, தலைகீழாக மாற்றுவது கடினம்.

அதிக நேரம் படுத்துக் கிடந்தால் வருமானம் கூடிவிடும் என்பதும் தவறுதான். சென்னையில் 452 டேட்டா என்ட்ரி ஆட்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. இரவில் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் தூங்கியது சுமார் ஐந்தரை மணிதான். அதைத் தினம் அரை மணி அளவுக்குக் கூட்டியும் வேலை மேம்படவில்லை. ஆனால் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டவர்களுக்கு வேலை மேம்பட்டது. அந்த நேரத்துக் கூலி மட்டும் போனது. பீஸ் ரேட் ஆட்கள் அதனால் சாப்பாட்டு நேரத்துக்குள்ளேயே இருபது நிமிடம் கண் மூடுவது நல்லது.

அப்புறம், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். இரண்டு வாரம், மணிக்கு எத்தனை பீஸ், எத்தனை ஆல்ட்ரேஷன் (தவறிப்போய்த் திருத்தத் திரும்பி வந்த பீஸ்) என்று எழுதுங்கள். ஷிப்ட் மாற்றிக் கேட்கப் போகும்போது, அந்த நோட்டை மேனேஜர் மேஜையில் விரித்து வையுங்கள்.