ஒரே ஆட்டுக்கு வேறு வேறு தசை அளவு வந்ததைச் சரிசெய்தது

மேச்சேரி இனச் செம்மறி ஆட்டுக்கு 12, 13-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்து, முதுகுத்தசை ஆழத்தைக் கணினியே அளக்கும்படி வைத்திருந்தோம். அதே ஆடு, அடுத்தடுத்த படம், அளவு மட்டும் எங்கெங்கோ போனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தசையின் மேல்கோடு பாதியில் கறுத்துக் கிடந்தது. முடிக்குள் காற்று, ஸ்கேனின் ஒலி அதைத் தாண்டிப் போகவில்லை! மழித்து, ஜெல்லைத் தாராளமாகப் பூசி, உடம்பில் வைக்கும் ஸ்கேன் முனையான புரோபை அழுத்தாமல் சும்மா வைத்ததும் (அழுத்தினால் கொழுப்பு நசுங்கி மெலிதாகத் தெரியும்) கோடு முழுசாக வந்தது. அப்புறமும் சில படங்களில் தசை திடீரென்று பெருத்தது. ஸ்கேன் எவ்வளவு ஆழம் வரை காட்ட வேண்டும் என்ற அமைப்பை யாராவது குறைத்தால் ஒரு பிக்சலுக்கு (படப்புள்ளிக்கு) எத்தனை மில்லிமீட்டர் என்பதே மாறிவிடும், நிரலோ பழைய கணக்கையே போடும். இப்போது படத்தின் ஓரத்து அளவுகோலை முதலில் படிக்க வைத்துவிட்டேன். ஆடு முதுகை வளைத்து நின்ற படங்களை மட்டும் இன்னமும் நானே பார்த்துத்தான் ஒதுக்குகிறேன்.