வான்கோழி நெஞ்சிறைச்சி வறண்டு போகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நத்தார் நெருங்கும்போது மட்டக்களப்பில் சில வீடுகளிலாவது வான்கோழிப் பேச்சு எழும். முழு வான்கோழி நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பெரிசு. சின்ன மின்சார அவனுக்குள் அது நுழையவும் மாட்டாது. அதனால் நெஞ்சுப் பகுதியை மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இறைச்சி, சப்பச் சப்ப விழுங்க முடியாமல் வாய்க்குள்ளேயே நின்றால் மனசு நோகும். பெரும்பாலும் இறைச்சியில் குறை இருக்காது. நாட்டுக்கோழிக்குப் பழகிய கையால் இதையும் சமைப்பதுதான் பிரச்சினை.

நாட்டுக்கோழியும் ஆட்டுக்காலும் அவிய அவிய மிருதுவாகும். அவற்றில் உள்ள சவ்வு மெல்ல மெல்லக் கரைந்து குழம்போடு சேரும். வான்கோழியின் நெஞ்சில் அப்படிக் கரையச் சவ்வும் அதிகம் இல்லை, உருகக் கொழுப்பும் இல்லை. உள்ளே வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போதே நார்கள் சுருங்கிச் சாற்றை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். 80 பாகைக்கு மேல் போன துண்டை எந்தக் குழம்பாலும் மீட்க முடியாது. “இன்னும் கொஞ்சம் அவியட்டும்” என்ற நினைப்பை இந்த இறைச்சியிடம் காட்டக் கூடாது. பிரஷர் குக்கரில் போடவே வேண்டாம்.

உறைந்த இறைச்சியை இளக வைப்பதில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. இரவு குசினி மேசையில் வைத்துவிட்டுக் காலையில் எடுப்பது நம் ஊர் வெக்கைக்கு ஒத்துவராது. நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கிருமி பெருகும் சூட்டுக்கு வந்துவிடும். 4 முதல் 60 பாகை வரை கிருமிக்குக் கொண்டாட்டம். பச்சை இறைச்சியோ சமைத்ததோ, 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். பிரிட்ஜின் அடித்தட்டில், கீழே ஒரு தட்டு வைத்து இளக விடுங்கள். 2 கிலோ துண்டுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிக்கும். அவசரமென்றால் காற்றுப் போகாத பையில் இறுகக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோவுக்கு அரை மணித்தியாலம் கணக்கு. இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். கூரைத் தாங்கியிலிருந்து மத்தியானத்தில் வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் ஐஸ் கட்டி போட மறக்க வேண்டாம். மாரி மழையில் கறண்ட் போனால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியபடி இருந்தால் 4 மணி நேரம் வரை குளிரைப் பிடித்து வைக்கும்.

அடுத்தது கழுவுவது. மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவாத இறைச்சியை அடுப்பில் ஏற்ற மனசு வராது என்பது தெரியும். ஆனால் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவும்போது சல்மொனெல்லா போன்ற கிருமிகள் துளித்துளியாகச் சிதறிப் பக்கத்தில் உள்ள சலாதுக் கோப்பையிலும் விழும். கிருமியைக் கொல்வது சூடுதான். உறையிலிருந்து எடுத்ததும் கடதாசியால் ஒற்றி ஈரத்தை எடுத்தால் போதும். தோல் உலர்ந்திருந்தால்தான் பொன்னிறமாகும்.

உப்பைக் கடைசி நேரத்தில் தடவுவதும் வீண். ஒரு கிலோவுக்கு 15 கிராம் தூள் உப்பு, அதாவது மேசைக்கரண்டி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, முதல்நாள் இரவே தடவிப் பிரிட்ஜில் வைத்தால் உள்ளே இறங்கிச் சாற்றைப் பிடித்து வைக்கும். அதற்கு முன் உறையை வாசியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றிய இறைச்சி என்றால் மேலதிக உப்பு வேண்டாம். தேசிக்காய்ப்புளியில் இரவு முழுக்க ஊறவிட்டால் மேற்பரப்பு மாவாகிவிடும். தோல் நீக்கிய துண்டென்றால் நம்முடைய எருமைத் தயிர் அருமையாகப் பொருந்தும். புளிப்பு மெதுவாக வேலை செய்யும், கொழுப்பு இல்லாத இறைச்சிக்குக் கொஞ்சம் கொழுப்பும் கிடைக்கும். தோலோடு இருந்தால் மிளகு, உள்ளி, வறுத்த தூள் எல்லாவற்றையும் பட்டரில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள். மேலே பூசிய தூள் கருகிக் கசந்துவிடும்.

சின்ன அவனில் மேல் கம்பி இறைச்சிக்கு மிகக் கிட்ட இருக்கும். கீழ்த்தட்டில் வையுங்கள், மேலே நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். எலும்போடு 2 கிலோ அளவான நெஞ்சு 165 பாகைச் சூட்டில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை எடுக்கும். எலும்பில்லாத 1 கிலோ துண்டை முக்கால் மணியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். ஆனால் மணிக்கூட்டை மட்டும் நம்பாதீர்கள். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குவதுதான் இதில் செய்யக்கூடிய மிகச் சிறந்த செலவு. தடித்த இடத்தின் நடுவில், எலும்பில் முட்டாமல் குத்துங்கள். 71 பாகையில் வெளியே எடுத்து மூடினால் உள்ளே இருக்கும் சூடே அதை மேலும் ஏற்றும். 74 பாகையைத் தொட்டதா என்று பாருங்கள், தொடாவிட்டால் திரும்பச் சற்று நேரம் வையுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நன்றாக வெந்த வான்கோழியிலும் சில வேளை இளஞ்சிவப்பு தெரியும். பேக்கரிப் போறணைக்குக் கொடுப்பதென்றால் பாண் சுட்டு முடிந்து சூடு தணிந்த பிறகு கொடுங்கள், வெப்பமானியையும் கொண்டு போங்கள்.

அவன் இல்லையென்றால் கறிதான், அதிலும் ஒழுங்கை மாற்ற வேண்டும். வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, தூளும் இரண்டாம் பாலும் விட்டுக் குழம்பை முதலில் முழுசாகக் காய்ச்சுங்கள். சின்னத் துண்டுகளாக வெட்டிய நெஞ்சிறைச்சியை அப்புறம் போட்டு, கொதி தளதளவென்று எழாமல் மெல்லிய நெருப்பில் எட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். பெரிய துண்டொன்றின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து 74 பாகையைத் தொட்டிருந்தால் முதற்பாலை விட்டு இறக்குங்கள். நீண்ட நேரம் அவித்த கறிதான் வேண்டுமென்றால் வான்கோழியின் காலிறைச்சியை வாங்குங்கள்.

சுட்ட துண்டை உடனே வெட்டாமல் 15, 20 நிமிஷம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்காக மெல்லிசாக அரியுங்கள். மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள், வெக்கையான நாளென்றால் 1 மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து எடுத்துத் தட்டையான பாத்திரத்தில் பரப்பிப் பிரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும். அதைத் திரும்பச் சூடாக்குவதைவிடக் குளிராகவே அரிந்து, வெள்ளரிக்காயும் மிளகும் சேர்த்துப் பாணுக்குள் வைத்துச் சாப்பிடுவது ருசி.