முதலில் பல்ப், அப்புறம் திரை: புதிய விஞ்ஞான ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடப் பயிற்சிக்காக எங்கள் பாடசாலைக்குப் பயிலுநர்கள் வருவார்கள். கொழும்பு வடக்கில் உள்ள தமிழ்மொழிப் பாடசாலை; வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாது. கடைசி வாங்கில் உட்கார்ந்து அவர்களின் பாடங்களைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. போன தவணையில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பதினொரு வருடத்துக்கு முன் நான் செய்த தவறு அதே வரிசையில் என் கண்முன்னே நடந்தது. அன்று இரவே இதை எழுதத் தொடங்கினேன்.

புரொஜெக்டர் கேபிள் பொருந்தவில்லை, சத்தம் வரவில்லை என்பவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை இரண்டு வாரத்தில் தானாகப் பழகிவிடும்.

விடையைத் திரையில் காட்டிவிட்டுப் பரிசோதனையைக் கையில் கொடுப்பது

தரம் 6, எளிய மின்சுற்று. ஒரு உலர் மின்கலம், ஒரு டோர்ச் பல்ப், இரண்டு துண்டு வயர். புதிதாக வேலைக்கு வந்திருந்த நான், முதல்நாள் இரவு முழுக்க உட்கார்ந்து, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET) செயலியில் அந்தச் சுற்றைத் தயார் செய்திருந்தேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. மிக நல்ல கருவி. குறை அதில் இல்லை.

நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் பதினைந்து நிமிடம் திரையில் காட்டினேன். வயரை இழுத்து வைத்ததும் பல்ப் பளிச்சென்று எரிந்தது, இலத்திரன்கள் வரிசையாக ஓடின, பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு பொருட்களைக் கொடுத்தேன். பத்துக் குழுக்களில் நான்கில்தான் பல்ப் எரிந்தது. மற்ற ஆறிலிருந்தும் ஒரே சத்தம்: "டீச்சர், இந்த பல்ப் பழுது." ஒருவரும் வயரைத் திருப்பிப் பார்க்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அன்று பின்னேரம் கொப்பிகளைத் திருத்தினேன். பத்துக் குழுவின் கொப்பிகளிலும் அவதானம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: "மின்குமிழ் பிரகாசமாக ஒளிர்ந்தது."

ஆறு குழுக்களில் அது ஒளிரவே இல்லை. தங்கள் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, திரையில் கண்டதை அவதானம் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. எது சரியான விடை என்று நான்தான் முன்கூட்டியே காட்டிவிட்டேன். மேசையில் நடந்தது அவர்களுக்குக் கணக்கில் வரவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய பெரிய அநியாயம் இது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நினைத்தாலே கோபம் வருகிறது.

அந்த பல்ப் ஏன் எரியவில்லை? வயர் முனையில் பிளாஸ்டிக் சரியாக உரிக்கப்படவில்லை. மின்கலம் பழையது. 2.5 வோல்ற்று பல்பை 1.5 வோல்ற்று மின்கலத்தில் பிடித்தால் மங்கலாகத்தான் எரியும், ஜன்னலோர மேசையில் வெயில் அடிக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பல்புக்குத் தொடுமிடங்கள் இரண்டு: அடியில் உள்ள புள்ளி ஒன்று, பக்கத்தில் உள்ள புரி ஒன்று. இரண்டு வயரையும் அடிப்புள்ளியிலேயே வைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருந்தாலும் பல்ப் எரியாது. பாடம் என்பது இதுதான். திரையில் வயர் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் இந்தக் கேள்வி எதுவும் எழுவதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம், பட்டமளிப்பு உடையோடு நின்றவர்களிடம், ஒரு மின்கலத்தையும் வயரையும் பல்பையும் கொடுத்து எரியவைக்கச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறார்கள். பலரால் முடியவில்லை. சுற்றுக் கணக்கெல்லாம் படித்துத் தேறியவர்கள் அவர்கள்.

போன தவணை வந்த பயிலுநரும் அதே வரிசையில்தான் போனார். பாடம் முடிந்து கேட்டபோது, "நேரம் போதாது டீச்சர், அதான் முதல்ல காட்டிட்டேன்" என்றார். நியாயமான பயம்தான். ஆனால் காட்டியதற்கே பதினைந்து நிமிடம் போயிருந்ததே. வரிசையை மட்டும் மாற்றி அடுத்த வகுப்பில் செய்து பாருங்கள் என்றேன்.

செய்தார். எப்படி இணைத்தால் எரியும் என்று ஒவ்வொருவரும் கொப்பியில் படம் வரைய மூன்று நிமிடம். பிறகு பொருட்கள், இருபது நிமிடம். திரை மூடியே இருந்தது. எனக்கு முன்னால் இருந்த மேசையில் ஒரு பிள்ளை கவராய முனையால் வயரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செம்பு தெரிந்ததும் பல்பின் அடியில் வைத்தாள், எரியவில்லை. பல்பைச் சரித்து மற்ற வயரைப் புரியில் தொட்டாள், எரிந்தது. உடனே கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். மூன்று தடவை அப்படியே செய்தாள். அப்புறம் முதலில் வரைந்த படத்தை வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று வரைந்தாள்.

கடைசிப் பத்து நிமிடம் ஃபெட். அப்போது ஒரு பையன் கேட்டான்: "இவ்வளவு நேரமும் வயருக்குள்ள இதுவா டீச்சர் ஓடினது?" கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டத்தான் திரை வேண்டும். அதே செயலியில் மின்கலத்தின் உட்தடையைக் கூட்டினால் பல்ப் மங்கும். தங்கள் மேசையில் நடந்தது ஏன் என்று பிள்ளைகளுக்கு அப்போது விளங்கும்.

எரிமலை, கோள்கள், இதயத் துடிப்பு என்று கையில் கொடுக்க முடியாதவையும் இருக்கின்றன. அவற்றைத் திரையிலேயே தொடங்குங்கள்.

பத்துப் பேருக்கு ஒரு பரிசோதனைத் தொகுதி

ஒருவர் செய்வார், இருவர் பார்ப்பார்கள், மிச்சப் பேர் கதைப்பார்கள். மூன்று பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். பொருள் இல்லை என்று சொல்வதற்கு முன் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒருதரம் போய் வாருங்கள். சின்ன பல்பும் வயரும் அங்கே மொத்தமாக வாங்கலாம். பழுதான டோர்ச்சுகளைப் பிள்ளைகளிடமே கேட்டாலும் கொண்டு வருவார்கள்.

தமிழ்நாட்டு வீடியோவை அப்படியே போடுவது

தமிழில் நல்ல விஞ்ஞான வீடியோக்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவர்கள் ஆக்சிஜன் என்பது நமக்கு ஒட்சிசன், கார்பன் டை ஆக்சைடு என்பது காபனீரொட்சைட்டு, ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு, நுண்ணோக்கி என்பது நுணுக்குக்காட்டி. நம் வினாத்தாளில் வருவது நம் சொல். ஒருமுறை ஒளித்தொகுப்பு பற்றி வீடியோவில் நன்றாக விளங்கிக்கொண்ட ஒரு பிள்ளை, தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. "இதை நீங்க படிப்பிக்கலையே டீச்சர்" என்றாள். வீடியோவைப் போட முன் இரண்டு சொல்லையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

வீட்டில் எல்லோருக்கும் போன் இருக்கிறது என்று நினைப்பது

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது வாட்ஸ்அப்பில் செய்முறை வேலை அனுப்பினேன். ஒரு பிள்ளையிடமிருந்து ஒவ்வொரு நாளும் இரவு பத்தரைக்குத்தான் பதில் வரும். சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கண்டித்து ஒரு குரல் பதிவும் அனுப்பிவிட்டேன். அப்பா வேலையால் வந்த பிறகுதான் வீட்டில் போன் இருக்கும் என்பது பிறகு தெரிந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் அந்த ஒரே போன். அவள் மூத்தவள் என்பதால் தம்பிமார் முடிக்கும் வரை காத்திருந்திருக்கிறாள். இப்போது வீட்டு வேலை கொடுப்பதென்றால் கரண்டி, தண்ணீர், எலுமிச்சை, நூல் என்று வீட்டில் கிடைப்பதைக் கொண்டே கொடுக்கிறேன். முடிவைக் கொப்பியில் எழுதி வந்தால் போதும்.

மின்சாரம் போனால் பாடமும் போவது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. வெண்கட்டியால் நடத்தக்கூடிய பாடக்குறிப்பு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஸ்லைட் அழகுக்கு மூன்று மணி நேரம்

அந்த நேரத்தில் பரிசோதனையை நீங்களே ஒருதரம் செய்து பாருங்கள்.

பற்றரியைப் பெட்டிக்குள்ளேயே விடுவது

டிசம்பர் விடுமுறைக்கு முன் எல்லா மின்கலங்களையும் கழற்றித் தனியே வையுங்கள். கசிந்தால் மின்கலத் தாங்கியின் உலோகத் தகடு அரித்துவிடும். ஜனவரியில் தொகுதி முழுவதையும் புதிதாக வாங்க வேண்டி வரும்.